வேனுக்கு மாட்டிய மீட்டர்

வேன் இன்ஜினை ஒரே வருஷத்தில் இரண்டாம் தடவையாகக் கழற்றிப் பிரித்துப் போட்டபோது, மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"இன்ஜின்மேல தப்பில்லண்ணே. யாரோ இதைக் கதறக் கதற ஓட்டியிருக்காங்க."

யாரோ என்று அவர் சொன்னது மரியாதைக்காக. அந்த வேனின் சாவி வேன்காரரின் இடுப்பை விட்டு இறங்கியதே இல்லை. பெட்ரோலில் ஓடும் பழைய வண்டி. ஓட்டுகிறவர் சீட்டுக்கு அடியிலேயே இன்ஜின். அதை மூடிய தகரப் பெட்டிமேல் நாலாக மடித்த போர்வை ஒன்று கிடக்கும். ஊர்க்கோடியில் இருந்த சலவை ஆலைக்குக் காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் விடுவதும், மாலையில் அவரவர் வாசலில் கொண்டுவந்து இறக்குவதும்தான் அவர் வேலை. ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மலை மலையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, மடித்து அனுப்பும் ஆலை. அந்தப் பெண்கள் ஏறினால் வேன் முழுக்கச் சோப்பு வாசனையும் ஈர ஆவி வாசனையும் ஏறும்.

வேன்காரரின் மனைவி வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். புதுத்துணி தைப்பதில்லை. ஜிப் மாற்றுவது, கால்சட்டை நீளம் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, கிழிந்ததை ஒட்டுப்போடுவது. தெருவில் யார் இளைத்தார்கள், யார் பெருத்தார்கள் என்பது முதலில் அவளுக்குத்தான் தெரியும்.

புதுப் பிஸ்டன், புது ரிங், புது பேரிங் எல்லாம் போட்டு இன்ஜினை ஏற்றிய அன்று மெக்கானிக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"கொஞ்ச நாளைக்குக் குழந்தை மாதிரி பழக்கணும். மூவாயிரத்தைத் தாண்டவே கூடாது."

"என் காதுக்குத் தெரியாததா? சத்தத்தை வச்சே சொல்லிடுவேன் எத்தனைல ஓடுதுன்னு."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. ஒரு ஆர்.பி.எம். மீட்டர் மாட்டிக்குங்க. இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுன்னு முள்ளு காட்டிடும். காது, மூக்கு எதுவும் வேணாம்."

வேன்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கூட வந்திருந்த அவர் மனைவி குறுக்கே பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் தன் தம்பிக்குப் போன் செய்தாள். தம்பி வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறவன். "உங்க மாமா சம்மதிக்கலன்னாலும் பரவாயில்ல, நீ வாங்கிட்டு வந்து மாட்டிடு" என்றாள்.

கணவரிடம் அவள் கேட்காததற்குக் காரணம் இருந்தது. அவர்கள் ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம்போல இருந்தார்கள். சண்டை எதுவும் கிடையாது. அவள் எதையாவது கேட்டால் அவர் "ம், பாத்துக்கலாம்" என்பார். இல்லையென்றால் ஒன்றுமே சொல்லாமல் எழுந்து போய் வேனைத் துடைப்பார். முதலில் இரண்டு தரம் மூன்று தரம் கேட்டாள். பிறகு எரிந்து விழுந்தாள். எரிந்து விழும்போது மட்டும் "எதுக்கு இப்ப கத்தற?" என்று பதில் வந்தது. அதன்பின் அவள் பேச்சைத் தட்டு வைப்பது, டம்ளர் நகர்த்துவது என்று பாத்திர அளவுக்குக் குறைத்துக்கொண்டாள்.

தம்பி வந்து ஸ்டீயரிங் தண்டில் ஒரு பட்டையைப் போட்டு மீட்டரைப் பொருத்தினான். கறுப்பு முகம், வெள்ளை எண்கள், சிவப்பு முள். சிவப்பு ஒயர் சாவிக்கு, கறுப்பு எர்த்துக்கு, பச்சை, பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயிலுக்கு. சாவியைத் திருப்பினான். இன்ஜின் பிடித்ததும் முள் எழுந்து எண்ணூறில் நின்றது.

"பாருங்க மாமா. சும்மா நிக்கும்போது எண்ணூறு. அதான் கணக்கு. ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க."

வேன்காரர் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார். இறங்கியபோது முகத்தில் ஒரு திருப்தி.

"நான் அப்பவே சொன்னேன்ல. இது பொய் சொல்லுது. ரெண்டாவது கியர்ல ஆட்டுக்குட்டி மாதிரி போறேன், நாலாயிரத்தைத் தாண்டி நிக்குது முள்ளு."

தம்பி மீட்டரைக் கழற்றிப் பின்னால் பார்த்தான். முதுகில் ஒரு ரப்பர் மூடி. அதற்குள் கடுகளவு சுவிட்ச். நாலு சிலிண்டர் வண்டிக்கு ஒரு இடம், ஆறுக்கு ஒரு இடம், எட்டுக்கு ஒரு இடம்.

"இது தப்பான இடத்துல இருந்தா கணக்கு மாறும் மாமா. ஆனா சரியாத்தான் இருக்கு, நாலுல."

"எட்டுல போட்டுப் பாரு."

"நம்ம வண்டி நாலு சிலிண்டர்."

"போட்டுத்தான் பாரேன்."

போட்டான். வேன்காரர் மறுபடி ஒரு சுற்றுப் போய் வந்தார். இந்தத் தடவை சிரித்துக்கொண்டே இறங்கினார். "இப்பத்தான் ஒழுங்கா காட்டுது. ரெண்டாயிரத்துச் சொச்சம். அப்படியே விட்டுடு."

"மாமா, எட்டுல போட்டா எல்லாத்தையும் பாதியா காட்டும். இங்க பாருங்க, சும்மா நிக்கும்போது நானூறு காட்டுது. நானூறுல எந்த இன்ஜினாவது நிக்குமா? அணைஞ்சு போயிடும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஓட்டும்போது என் காதும் முள்ளும் ஒத்துப்போகுது. அது போதும்."

முன்னறை ஜன்னலோரம் ஜிப் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்த அவர் மனைவிக்கு இந்தப் பேச்சு சிரிப்பாகத்தான் இருந்தது. மனுஷர் தன் காதுக்குத் தோதாக மீட்டரைத் திருத்துகிறார் என்று நினைத்துக்கொண்டாள். தம்பி விடவில்லை. சுவிட்சைத் திரும்ப நாலில் வைத்தான். எர்த் ஒயரைக் கழற்றி, தகரத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிந்த இடத்தில் முடுக்கினான். பச்சை ஒயர் பிளக் ஒயர்களை உரசிக்கொண்டு போவதைப் பார்த்து, அதனாலும் முள் தாறுமாறாகும் என்று வேறு வழியாக இழுத்துக் கட்டினான். மறுநாள் கடையிலிருந்து வேறு கம்பெனி மீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான். அதுவும் வேன்காரர் ஓட்டினால் நாலாயிரத்தைத் தாண்டியது.

பிறகு அவனே ஓட்டிப் பார்த்தான். தெரு, மெயின் ரோடு, மேம்பாலம், திரும்ப வீடு. முள் இரண்டாயிரத்துக்கும் மூவாயிரத்துக்கும் நடுவிலேயே ஆடியது.

"அக்கா, நான் ஓட்டினா சரியா காட்டுது. மாமா ஓட்டினா ஏறுது" என்றான் ஜன்னலுக்கு வெளியே நின்று. குரல் தணிந்திருந்தது.

அவனுக்குப் பின்னால் வந்து நின்ற வேன்காரர், "என்ன சொல்றான்?" என்றார்.

அவள் திருப்பிச் சொன்னாள்.

"நல்லா இருக்கே. ஆள் பார்த்துக் காட்டற மீட்டரு. அதுக்கும் மச்சான் முறை தெரிஞ்சிருக்கு போல" என்று சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஷெட்டுக்கு வரும்படி தம்பி அக்காவையும் கூப்பிட்டான். எதற்கு என்று கேட்டதற்கு, "நான் சொன்னா மாமா நம்ப மாட்டாரு. நீயும் பக்கத்துல இரு" என்றான். ஷெட் என்பது நாலு இரும்புத் தூண்களும் மேலே தகரமும். அன்று வேறு வண்டி எதுவும் இல்லை. தரையில் எண்ணெய்க் கறை, மூலையில் பழைய டயர்கள், மேஜைமேல் பரப்பிவைத்த ஸ்பேனர்கள். தகரத்தின்மேல் வெயில் ஏற ஆரம்பித்திருந்தது.

மெக்கானிக் கைக்கடக்கமான தன்னுடைய மீட்டரை எடுத்துவந்து அதன் கவ்வியை ஒரு பிளக் ஒயரில் மாட்டினார். இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தார்கள். அவர் மீட்டரும் ஸ்டீயரிங்கில் இருந்ததும் ஒரே எண்ணைக் காட்டின. ஆயிரத்தில் ஆயிரம், இரண்டாயிரத்தில் இரண்டாயிரம்.

"ரெண்டும் சேர்ந்து பொய் சொல்லாதுண்ணே" என்றார் மெக்கானிக்.

தம்பி ஒரு துணியை எடுத்து ஸ்டீயரிங் மீட்டரின் முகத்தை மூடிக் கட்டினான்.

"மாமா, மீட்டரே வேணாம். நீங்க எப்பவும் ரெண்டாவது கியர்ல எப்படிப் போவீங்களோ, அந்தச் சத்தத்துக்குக் கொண்டுவந்து அப்படியே பிடிங்க. காதால."

வேன்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. இத்தனை நாள் இதைத்தானே அவர் கேட்டுக்கொண்டிருந்தார். சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். காலை மெல்ல அழுத்தினார்.

சத்தம் எழுந்தது. அவர் மனைவி ஓட்டுநர் பக்க ஜன்னலுக்குச் சற்றுப் பின்னால், அவர் தோளுக்கு ஒரு கை தூரத்தில் நின்றிருந்தாள். இரைச்சல் ஏறியது. நின்றுவிடும் என்று நினைத்த இடத்தில் நிற்கவில்லை. இன்னும் ஏறியது. கூரைத் தகரம் கிடுகிடுத்தது. மேஜைமேல் இருந்த ஸ்பேனர் ஒன்று தானாக நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்து விழுந்தது. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. மெக்கானிக் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கையிலிருந்த மீட்டரைத் தம்பியிடம் காட்டினார். முள் ஐயாயிரத்தை ஒட்டி நின்றது.

அவள் பார்த்தது கணவரின் முகத்தை. பக்கவாட்டுக் கண்ணாடியில் தெரிந்தது. அந்த முகத்தில் எந்தப் பதற்றமும் இல்லை. தூளியை ஆட்டிக்கொண்டிருக்கிறவரின் முகம்போல இருந்தது. ஒரு விரலை உயர்த்திக் காட்டினார்.

"கேட்டுக்குங்க. இதான் ரெண்டாயிரத்து ஐந்நூறு. வெண்ணெய் மாதிரி ஓடுது."

"என்னங்க, போதும், விடுங்க" என்றாள் அவள்.

அவர் திரும்பவில்லை.

"விடுங்கன்னு சொல்றேன்ல."

உள்ளே ஏதோ ஒன்று கூர்மையாகக் கீச்சிட்டது. தம்பி பாய்ந்து ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினான். ஷெட் அப்படியே அடங்கியது. சூடான இரும்பு டக் டக்கென்று ஆறும் ஓசை மட்டும்.

"ஏன் மாப்ள அணைச்சே? இப்பத்தானே செட்டாச்சு."

தம்பி துணியை அவிழ்த்தான். மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேன்காரர் செத்துக் கிடந்த முள்ளைப் பார்த்தபடி இருந்தார். அவருக்குப் பின்னால் நின்ற இடத்திலிருந்து அசையாமல், வீட்டில் பேசும் சாதாரணக் குரலில், அவள் கேட்டாள்.

"நான் பேசறது உங்களுக்குக் கேக்குதா?"

அவர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். தம்பியும் பார்த்தான். அவள் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். இன்ஜினுக்குள் எங்கோ ஒரு ஒயரில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்த கோளாறு இத்தனை நாளும் சீட்டின்மேல் உட்கார்ந்திருந்திருக்கிறது.

"என்ன எல்லாரும் இப்படிப் பார்க்கறீங்க?" என்றார் வேன்காரர்.

தம்பி சுற்றிக்கொண்டு போய் அவர் முகத்துக்கு நேரே நின்றான். "மாமா. நீங்க பிடிச்சது ஐயாயிரம். தகரமே ஆடுது. அக்கா பின்னாடி நின்னு மூணு தடவை கூப்பிட்டா. உங்களுக்குக் காது கேக்கல மாமா."

"எனக்கா? போடா டேய்."

சிரிக்கப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. வேனிலிருந்து இறங்கி ஷெட்டின் மூலைக்குப் போய் டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்தார். ஒரு கையை எடுத்துக் காதருகே கொண்டுபோய் விரல்களைச் சொடுக்கினார். மறுகையால் மறு காதில். மறுபடி இந்தக் காதில். அவர் உதடு வெளுத்துப்போவதை அவள் பார்த்தாள். பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்போ, ரெண்டு இன்ஜினையும் கொன்னது நான்தானா?"

வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பிடவில்லை. டாக்டரிடம் போகலாம் என்று எழுதிக் காட்டலாமா, கத்திச் சொல்லலாமா என்று அவளுக்கே தெரியவில்லை. அருகே போய் உட்கார்ந்து தோளைத் தொட்டாள். "காய்ச்சல் அடிக்குது. நாளைக்கு மாப்ளய ஓட்டச் சொல்லு" என்றார். காய்ச்சல் எதுவும் இல்லை.

திங்கள் காலை தம்பி எப்படியோ சமாளித்துவிட்டான். பெண்கள் எல்லாரும் மெயின் ரோட்டில் வந்து நின்று ஏறிக்கொண்டார்கள். மாலையில் வாசல் வாசலாக இறக்க வேண்டும். சந்துகள் அவனுக்குத் தெரியாது. தைத்த துணியைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பழகிய அவளுக்குத் தெரியும். அதனால் அவளும் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வேலை நேரத்தில் அந்த வேனில் அவள் ஏறி எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

ஆலை வாசலில் பெண்கள் களைத்துப்போய் ஏறினார்கள். விரல்கள் ஈரத்தில் சுருங்கி வெளுத்திருந்தன. அவளைப் பார்த்ததும் "அண்ணிடோய்" என்று ஒரு குரல், "அண்ணனுக்கு என்ன?" என்று இன்னொன்று. "உடம்பு சரியில்ல" என்றாள். ஓட்டுநர் சீட்டுக்கு நேர் பின்னால் வந்து உட்கார்ந்தவளை எல்லாரும் மடிப்பு அக்கா என்றார்கள். விரிப்பு மடிக்கும் பகுதியில் வேலை. அகலமான தோள், பெரிய கை. அந்த இடம் அவளுக்கென்றே விட்டிருந்ததுபோல யாரும் அங்கே உட்காரவில்லை.

வேன் மெயின் ரோட்டில் ஏறியது. பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது. உடனே பின்னாலிருந்து ஒரு பெரிய கை நீண்டு தம்பியின் இடது தோளில் பட்டென்று தட்டியது. அவன் தூக்கிவாரிப்போட்டு ஸ்டீயரிங்கை இறுக்கினான்.

"என்னக்கா?"

"பின்னாடி லாரி வருது தம்பி."

"எனக்குக் கேக்குதுக்கா."

வேன் முழுக்கச் சிரிப்பு. மடிப்பு அக்காவும் சிரித்தாள். "மறந்துட்டேன்பா. பழக்கதோஷம்." சிரிப்பு முடிவதற்குள் யாரோ யாரையோ இடித்தார்கள். சட்டென்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

முன்சீட்டில் இருந்த அவள் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். "என்ன பழக்கம்?"

ஆளுக்கு ஒரு பக்கம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

"சொல்லுங்க. நேத்துத்தான் எனக்குத் தெரிஞ்சுது, அவருக்குக் காது கேக்கலன்னு."

மடிப்பு அக்காவின் முகம் மாறியது. "நேத்தா? என்ன அண்ணி சொல்றீங்க? உங்களுக்குத் தெரியும்னுல்ல நாங்க நினைச்சோம்."

"எப்போலேர்ந்து உங்களுக்குத் தெரியும்?"

"அது ஆச்சு, ரெண்டு வருஷம் இருக்கும். கூப்பிட்டா திரும்ப மாட்டாரு. மொதல்ல கோபம்னு நினைச்சோம். அப்புறம் புரிஞ்சுது. எங்களுக்கு இது என்ன புதுசா? மெஷின் போடற சத்தத்துல நாங்களே நாள் பூரா தட்டித் தட்டித்தானே பேசறோம். அண்ணனையும் அப்படியே பழக்கிட்டோம். ஹார்ன் கேட்டா ஒரு தட்டு. நிறுத்தணும்னா தட்டிக்கிட்டே இருக்கிறது."

"நான் லீவு போட்டா இந்த இடத்துல இவ உக்காருவா" என்று மடிப்பு அக்கா ஒருத்தியைக் காட்டினாள். ஒல்லியான அந்தப் பெண் கூச்சத்தோடு தலையாட்டினாள். "இவளாலதான் இந்த ஏற்பாடே."

"ஏன்?"

"சொல்லுடி."

ஒல்லிப் பெண் தயங்கினாள். "நான் சேர்ந்த புதுசுக்கா. இறங்கினேன், கதவைச் சாத்தினேன். கைப்பை வாரு கதவுல மாட்டிக்கிச்சு. தோள்லேர்ந்து கழட்டறதுக்குள்ள வேன் கிளம்பிடுச்சு."

"இழுத்துக்கிட்டே போகுது" என்றாள் மடிப்பு அக்கா. "நாங்க அத்தனை பேரும் கத்தறோம். தெருவுல இருக்கிறவன்லாம் கத்தறான். அண்ணன் பாட்டுக்கு ஏதோ பாட்டை முனகிக்கிட்டு ஓட்டறாரு. நான் பாய்ஞ்சு தோள்ல ஒரு அறை விட்டேன் பாருங்க, அப்பத்தான் பிரேக்கு. இவளுக்கு முழங்கால்லேர்ந்து கணுக்கால் வரைக்கும் தோலே இல்ல."

 தம்பி வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டான்.

"அண்ணன்தான் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாரு" என்றாள் ஒல்லிப் பெண் அவசரமாக, அவருக்காக வாதாடுகிறவள்போல. "அங்க உக்காந்து அழுதாருக்கா. ரேடியோ சத்தத்துல கேக்கலன்னு சொன்னாரு."

ரேடியோ அந்த வேனில் எப்போதோ பழுதாகிவிட்டது. ரேடியோ இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. அவள் அந்த ஓட்டையைப் பார்த்தாள்.

"ஏன் யார்கிட்டயும் சொல்லல? அந்தப் பொண்ணு செத்திருந்தா?"

"சொல்லியிருக்கணும்தான்" என்றாள் மடிப்பு அக்கா. குரல் இறங்கியிருந்தது. "சொன்னா அண்ணனை எடுத்துட்டு ஆலை பஸ்ஸு விடுவாங்க அண்ணி. பஸ்ஸு மெயின் ரோட்டோட நின்னுடும். ஒரு நிமிஷம் பிந்தினா போயிடும். அண்ணன் எங்க புள்ளைங்களுக்குச் சோறு ஊட்டி முடிக்கிற வரைக்கும் வாசல்ல நிப்பாரு. மழைன்னா படி வரைக்கும் வண்டிய ஏத்துவாரு. அவரை எப்படி விடறது? எல்லாருமா சேர்ந்து அவருக்குக் காதா இருந்துக்கலாம்னு இருந்தோம். வீட்டுலயும் நீங்க பார்த்துக்கறீங்கன்னு நினைச்சோம். கூடவே இருக்கிறவங்களுக்குத் தெரியாம இருக்குமா?"

அவள் சாட்டையடி பட்டவள்போல முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு வேன் நிறையப் பெண்களுக்குத் தெரிந்த ஒன்று, பக்கத்தில் படுத்துத் தூங்குகிற தனக்குத் தெரியவில்லை. அவர் தன் பேச்சை மதிக்கவில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவரைத் தட்டிக் கூப்பிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அவரைத் தொட்டே எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தபோது பயமாக இருந்தது.

தம்பி வண்டியை எடுத்ததும் சந்துகளுக்கு வழி சொன்னாள். வலது, இடது, அந்த நீலக் கேட்டு. ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். இறங்கும்போது சிலர் அவள் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். வேன் காலியாகக் காலியாக, வேறொரு நாளின் காலை நேரம் அவளுக்குள் வந்து நின்றது. போன வருஷம். அவர் வாசற்படியில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அவள் மெஷினில் உட்கார்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் இல்லாமல், துணியைப் பார்த்துச் சொன்னாள். மாரில் ஒரு கட்டி இருக்கிறது, ஊசி போட்டு எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள், நாளைக்குக் கூட வருகிறீர்களா. தெருவில் யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று மெல்லத்தான் சொன்னாள். அவர், "சரி சரி, சாயங்காலம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய் வேனைக் கிளப்பினார்.

மறுபடி அவள் சொல்லவில்லை. மறுநாள் தனியாகப் போனாள். ஆஸ்பத்திரி வரிசையில் எல்லாப் பெண்களுக்கும் பக்கத்தில் ஒருவர் இருந்தார். ரிசல்ட் வரும்வரை தனியாகவே இருந்தாள். ஆபத்தில்லாத கட்டி என்று தெரிந்த அன்றும் யாரிடமும் சொல்லவில்லை. அன்றோடு அவரிடம் பேசுவதற்கு ஒன்றும் இல்லை என்று முடிவு செய்திருந்தாள். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதற்கு அவளிடம் ஒரே ஒரு விளக்கம்தான் இருந்தது. இப்போது அது கையைவிட்டுப் போய்விட்டது.

வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் எழுந்து சமையலறையில் நின்றிருந்தார். அடுப்பில் ஏதோ கொதித்தது. மூடி தடதடத்துப் பொங்கி வழிவதைக் கவனிக்காமல் முதுகு காட்டி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அவள் பின்னால் போய் நின்றாள். பிறகு கையை உயர்த்தி, அந்தப் பெண்கள் தட்டுகிற அதே இடது தோளில், தட்டினாள்.

அவர் திரும்பினார். அவள் கையையும் தன் தோளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சொல்லிட்டாளுங்களா?" என்றார்.

"சொல்லிட்டாங்க."

"பாசத்துல தட்டறாங்கன்னு நினைச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "இல்ல. தெரியும். உள்ளுக்குள்ள தெரியும். அந்தப் பொண்ணு முழங்காலைப் பார்த்தன்னிக்கே தெரியும். நினைக்கப் பிடிக்கல. நினைச்சா வேன விட்டுடணும்ல?"

அவள் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "விட்டுடணும்."

"ஆமா. நாளைக்கு நானே போய் ஆலையில சொல்லிடறேன். மாப்ள ஓட்டட்டும். வாசல்ல இறக்கச் சொல்லு, ரோட்டுல விட்டுடப் போறான்." கத்தியைக் கீழே வைத்தார். "டாக்டர்கிட்டயும் போறேன். என் வண்டியில சிக்கி ஒருத்தி செத்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? யோசிச்சா உடம்பெல்லாம் நடுங்குது."

 அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்ல வேண்டாம் என்று ஒரு மனம் சொன்னது. இன்றைக்கு இவருக்கு இது போதாதா? ஆனால் சொல்லாமல் இருந்துதானே இந்த நிலைக்கு வந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். போன வருஷம் எனக்கு ஒரு கட்டி இருந்துச்சு."

"கட்டிலா? கட்டிலுக்கு என்ன, உடைஞ்சிடுச்சா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. அந்த வார்த்தையை அவள் யாரிடமும் உரக்கச் சொன்னதில்லை. டாக்டரிடம்கூட விரலால் தொட்டுத்தான் காட்டினாள். இப்போது கையைத் தன் மாரில் வைத்து, தொண்டையைத் திறந்து சொன்னாள்.

"கட்டி. இங்க. புற்றுநோயா இருக்குமோன்னு ஊசி போட்டு எடுத்துப் பார்த்தாங்க. ஒண்ணும் இல்லன்னுட்டாங்க."

அவர் முகம் மெல்ல மெல்ல அதை வாங்கிக்கொண்டது. நேற்று ஷெட்டில் வெளுத்ததைவிட அதிகமாக வெளுத்தது.

"யாரு கூட வந்தா?"

"யாரும் இல்ல."

"என்கிட்ட சொல்லலியா?"

"சொன்னேன். நீங்க செருப்பு மாட்டிக்கிட்டிருந்தீங்க. சாயங்காலம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க."

அவர் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நின்றுகொண்டே விழுந்துகொண்டிருப்பவர்போல இருந்தார். பொங்கிய பாத்திரம் அடுப்பை அவித்துவிட்டிருந்தது. இருவரும் அதைப் பார்க்கவில்லை.

"அன்னிக்கு என்ன சொன்னே?" என்றார் கடைசியில். "அப்படியே சொல்லு."

"இப்ப எதுக்கு? அதான் சரியாயிடுச்சே."

"இல்ல. அன்னிக்குச் சொன்ன மாதிரியே சொல்லு. நான் அதைக் கேக்கவே இல்லியே. எனக்குக் கேக்கணும்."

பக்கத்து வீட்டுக்கும் இவர்கள் சமையலறைக்கும் நடுவே ஒரு ஜன்னல்தான். அங்கே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒரு முறை அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு கணவரின் முகத்தைப் பார்த்து, வாழ்க்கையில் அதுவரை பேசியதிலேயே உரத்த குரலில் சொன்னாள்.

"மார்ல ஒரு கட்டி இருக்கு. ஊசி போட்டு எடுத்துப் பார்க்கணும்ங்கறாங்க. எனக்குப் பயமா இருக்கு. நாளைக்குக் கூட வர்றீங்களா?"

பக்கத்து வீட்டு டிவி சத்தம் சட்டென்று நின்றது.

"வரேன்" என்றார் அவர்.